மசகதோ: பங்காளிச் சண்டை கலகமாக மாறியது எப்படி?

கேள்வி:
ஜப்பானின் கிழக்கே காந்தோ சமவெளியில் தைரா நோ மசகதோ 935 முதலே தன் உறவினரோடு போரிட்டு வந்தார். பெரியப்பா குனிகா அந்த ஆண்டிலேயே உயிரிழந்தார். விசாரணைக்குத் தலைநகருக்கு அழைக்கப்பட்டவரை, பேரரசர் சுசாகு பருவமெய்திய சடங்கையொட்டி 937இல் மன்னித்தும் விட்டார்கள். அவ்வளவு பொறுமை காட்டிய அரசவை 939இல் நடந்தவற்றுக்குப் பிறகு மட்டும் அவரைத் துரோகியாக அறிவித்தது ஏன்?

முதல் பதில்:
பங்காளிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதைத் தலைநகரம் குடும்ப விவகாரமாகவே கருதியது. வரி கட்டாமல் தப்பியோடிய புஜிவாரா நோ ஹருவாகிக்கு அடைக்கலம் தந்த மசகதோ, அவருக்காகப் பேசப் படையுடன் ஹிதாச்சி மாகாணத் தலைமையகத்துக்குச் சென்று, மோதல் மூண்டதும் அதைச் சூறையாடி, அரசு முத்திரையையும் களஞ்சியச் சாவிகளையும் கைப்பற்றினார். அவை கைமாறினால் வரி வசூலே கைமாறியதாகப் பொருள். அடுத்து ஷிமோட்சுகே, கோசுகே மாகாணங்களையும் பிடித்துத் தம்மைப் 'புதிய பேரரசர்' என்று அறிவித்துக்கொண்ட பிறகு சமரசத்துக்கு ஏது இடம்?

இரண்டாம் பதில்:
மேலுள்ள விளக்கம் சரியே. ஆனால் அவரை வீழ்த்தியது அரசவையின் படையன்று என்பதே என் பார்வையில் முக்கியமானது. 940 தொடக்கத்தில் அவர் தம் வீரர்களில் பெரும்பாலோரை ஊருக்கு அனுப்பிவிட்டார். எஞ்சியோர் ஆயிரத்துக்கும் குறைவு. இதை அறிந்த குனிகாவின் மகன் சதமோரி, ஷிமோட்சுகேயின் செல்வாக்குமிக்க புஜிவாரா நோ ஹிதேசாதோவுடன் கைகோத்துத் தாக்கினார். முதலில் மசகதோவுக்குச் சாதகமாக வீசிய காற்று திசை மாறியதாகவும், அப்போது அம்பு பாய்ந்து அவர் இறந்ததாகவும் அவரைப் பற்றிய பழைய போர்க்கதை கூறுகிறது. தலைநகரிலிருந்து புறப்பட்ட தளபதி தடபுமி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியானால் கலகத்தை அடக்கியதும் அதே பங்காளிச் சண்டைதான் என்று கொள்ளலாமா?

இரண்டாம் பதிலாளர்:
பெருமளவுக்கு ஆம். ஹிதேசாதோவுக்குப் பதவியுயர்வு வழங்கியதன் மூலம், எல்லை மாகாணங்களில் ஆயுதம் ஏந்திய குடும்பங்களை நம்பியே தான் ஆள வேண்டியிருப்பதை அரசவை ஒப்புக்கொண்டது.