ஃபர்னஸ்ல (வீட்டைச் சூடாக்குற மெஷின்) வீடு முழுசுக்கும் ஹியூமிடிஃபையர் (காத்துல ஈரம் கூட்டுறது) போடலாமா?

கால்கரி செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். கால்கரியில எங்களுக்கு இது ரெண்டாவது குளிர்காலம். வெளிய மைனஸ் 20 போச்சுன்னா வீட்டுக்குள்ள காத்து அப்படியே காஞ்சு போயிடுது, சின்னவனுக்கு ராத்திரில மூக்குல ரத்தம் வருது, கதவைத் தொட்டா சுரீர்னு ஷாக் அடிக்குது, இதுல ஊர்லேர்ந்து பத்திரமா கொண்டு வந்த அம்மாவோட வீணையில குடத்துகிட்ட மயிரிழை மாதிரி ஒரு விரிசல், பாத்ததும் அழுகையே வந்துடுச்சு. ரூமுக்கு ஒண்ணா மூணு அல்ட்ராசோனிக் (தண்ணியைப் புகையா விடுற) ஹியூமிடிஃபையர் ஓடுது, தண்ணி ஊத்தி மாளல, டிவி மேல எல்லாம் வெள்ளைப் பொடி. ஃபர்னஸோட சேத்து மாட்டுறதுல பைபாஸ் (ஃபர்னஸோட சூட்டுக் காத்தை ஈரத் திண்டு வழியா விடுறது), ஸ்டீம் (ஆவி விடுறது)னு ரெண்டு இருக்காமே, எது நல்லது? கேஸ் ஃபர்னஸ், 1990கள்ல கட்டின வீடு. ஈரப்பத மீட்டர் 16% காட்டுது, 45 இருக்கணும்னு ஒருத்தர் சொன்னார்.

எட்மண்டன்வாசி:
அக்கா, முதல்ல அந்த 45ஐ விட்டுடுங்க. மைனஸ் 20 காத்து ஒரு கன மீட்டருக்கு 1 கிராம் தண்ணிதான் தாங்கும், அதுவே உள்ள வந்து 21 டிகிரி ஆனா 18 கிராம் தாங்கும், அதான் ஈரப்பதம் 5, 6 சதவீதத்துக்கு விழுந்துடுது. உங்க 16 சமையல், குளியலால வந்ததுதான். அந்தக் குளிர்ல 45 வச்சா ஜன்னல்ல தண்ணி வழிஞ்சு ஐஸ் கட்டும், ஃபிரேம் உளுத்துப் போகும், பூஞ்சை வரும். மைனஸ் 20க்கு 25 போதும், மைனஸ் 30க்கு கீழ 15. கால்கரியில சினூக் காத்து (மலைப்பக்கமிருந்து வர்ற வெதுவெதுப்பான காத்து) அடிச்சா ஒரே நாள்ல 20 டிகிரி ஏறுமே, அதனால வெளி சென்சர் வச்ச கன்ட்ரோலா கேளுங்க, அதுவே கூட்டிக் குறைச்சுக்கும். அட்டிக் (கூரைக்குக் கீழ உள்ள பரண்) மூடி, வெளிச்சுவர் பிளக் பாயின்ட் இடுக்கையும் அடைச்சிடுங்க, ஓட்டை வழியா வறண்ட காத்து வந்துகிட்டே இருந்தா எந்த மெஷினும் ஈடு கொடுக்காது.

ஸ்காபரோ அண்ணை:
தங்கச்சி, நாங்கள் 9 வருசமா பைபாஸ்தான் வச்சிருக்கிறம், நல்லா வேலை செய்யுது. ஆனா தண்ணி லைன் எடுக்கேக்க செப்புக் குழாயில ஊசி குத்திற சாடில் வால்வ் போட விடாதேங்கோ. எங்களுக்குப் பூட்டினவர் அதைத்தான் போட்டவர், ரெண்டாம் வருசம் சொட்டுச் சொட்டா ஒழுகி பேஸ்மெண்ட் சுவரெல்லாம் பூஞ்சணம். டீ ஜொயின்ற் (T வடிவ இணைப்பு) போட்டு தனி வால்வ் வைக்கச் சொல்லுங்கோ. உள்ளுக்க இருக்கிற பாட் (ஈரத் திண்டு) வருசா வருசம் மாத்த வேணும், உங்கட ஊர்த் தண்ணியும் சுண்ணாம்புதானே, யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி கொதிச்ச கேத்தில் மாதிரி வெள்ளையாப் பிடிச்சிடும். கோடையில டாம்பரையும் (காத்துக் குழாயில இருக்கிற தடுப்புத் தகடு) தண்ணியையும் பூட்டி விடுங்கோ, ஏசி போடேக்க திறந்திருக்கக் கூடாது.

குளிர்தேசம்:
ஸ்டீம் மெஷின் தானாவே தண்ணியக் கொதிக்க வைக்கும், தனி சர்க்யூட் வேணும், கரன்ட் பில் ஏறும். ஹீட் பம்ப் (வெளிக்காத்துலேர்ந்து சூட்டை இழுத்து வீட்டைச் சூடாக்குறது) வீடுன்னா யோசிக்கலாம், அதுல வர்ற காத்து அவ்வளவு சூடா இருக்காது. கேஸ் ஃபர்னஸ் சூட்டுக்கு பைபாஸே தாராளம். வீணைக்கு மட்டும் இந்த 25 பத்தாதுங்க, பலாமரம் 40க்கு மேல கேக்கும். பெட்டிக்குள்ள வைக்கிற ஈரப்பதப் பொட்டலம் வாங்கிப் போட்டு, சூடு வர்ற வென்ட் பக்கமும் வெளிச்சுவர் ஓரமும் வைக்காம உள்ரூம்ல வைங்க.

கால்கரி செல்வி:
ரொம்ப நன்றி. வீணையை இப்பவே வென்ட்கிட்டேர்ந்து எடுத்துட்டேன், ரெண்டு குளிர்காலமா அங்கதான் இருந்திருக்கு. பைபாஸ்தான் போடப் போறோம், டீ ஜாயின்ட்டோட. பையனை வியாழக்கிழமை டாக்டர்கிட்டயும் காட்டுறேன்.