புதுப்பிப்பு: இறகைப் பிடுங்கிய எங்கள் சாம்பல் கிளி

எங்கள் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி நெஞ்சிலும் தொடையிலும் இறகைப் பிடுங்கிக்கொள்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போதைய நிலவரம் இது.

பறவை மருத்துவர் முதலில் பார்த்தது தலையைத்தான். அங்கே இறகு முழுதாக இருந்தால் கிளி தானே பிடுங்குகிறது என்று அர்த்தம். சொந்த அலகு தலைக்கு எட்டாதே! தலையும் மொட்டையானால் நோயையோ கூட இருக்கும் பறவையையோ சந்தேகிக்க வேண்டுமாம். ரத்தப் பரிசோதனையில் வைரஸ் எதுவும் இல்லை, கால்சியம்தான் குறைவு. சூரியகாந்தி விதையே கதியென்று இருக்கும் சாம்பல் கிளிகளுக்கு இது அடிக்கடி வருவதுதான்.

இப்போது தீனி பெல்லட் (சத்துகளைக் கலந்து சிறு குச்சிகளாக அழுத்திச் செய்த கிளித் தீவனம்), முருங்கைக்கீரை, கேரட். பெல்லட்டை முதலில் சீண்டவே இல்லை. விதையோடு கலந்து மெல்ல மாற்றினோம். அப்புறம் தினமும் தண்ணீர் தெளிப்பு, இரவில் 10 முதல் 12 மணி நேரத் தூக்கம். தீனியைக் காகிதத்தில் சுருட்டி ஒளித்துவைத்ததுதான் அதிகம் உதவியது என்பது என் கணிப்பு. பிடுங்கும்போது "ஏய்!" என்று கத்துவதையும் நிறுத்திவிட்டோம் (அப்பாவைத் தவிர). அந்தக் கவனிப்பே அதற்குப் பரிசாகிவிடும்.

நெஞ்சில் பஞ்சிறகு வந்துவிட்டது. தொடையில் இன்னும் இல்லை. இறகின் வேர்ப்பை சேதமாகியிருந்தால் முளைக்காமலே போகலாம் என்கிறார் மருத்துவர். கழுத்துப்பட்டை (அலகு இறகுக்கு எட்டாதபடி கழுத்தில் மாட்டும் தடுப்பு) பற்றிக் கேட்டவர்களுக்கு: காயம் இல்லாததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.