மென்னோ என்கிற மூப்பர் யார்? சம்பந்தி வீட்டார் கேட்கும் ஞானஸ்நானம் பற்றி

நகரி தறிக்காரர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நகரியில் நாலு விசைத்தறி ஓட்டுகிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. மூத்த பெண்ணுக்கு மகபூப்நகர் பக்கம் சம்பந்தம் பேசியிருக்கிறோம். நல்ல பிள்ளை, மரியாதையான குடும்பம். மென்னோனைட் பிரதரன் சபைக்காரர்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கவேண்டும் என்கிறார்கள்.

எங்களுடையது குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிற சபை. மூன்றாம் மாதத்தில் பேத்திக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனது என் அம்மாதான். அந்தச் சட்டை இன்னும் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. "அப்போ அன்னிக்கு நடந்தது பொய்யாடா?" என்று கேட்டார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

"மென்னோ மூப்பர் காட்டின வழி இது" என்றார் சம்பந்தி. யார் அவர்? சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

சத்தியவேடு டீச்சர்:
ஐயா, நான் அந்தப் பக்கம் பல வருஷம் வேலை பார்த்தவள், அந்தச் சபையில் உட்கார்ந்து ஜெபித்தவள். கொள்கையை விடுங்கள், அந்த மனிதரின் கதையை அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

மென்னோ சைமன்ஸ் 1496ல் நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்தில், விட்மார்சம் என்கிற கிராமத்தில் பிறந்தவர். 1524ல் கத்தோலிக்கக் குருவானார். கூட இருந்த குருக்களோடு சீட்டாடினேன், குடித்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். வேதத்தைத் திறந்து படித்ததில்லை. ஒருநாள் பூசையில் அப்பத்தைக் கையில் எடுத்தபோது, இது நிஜமாகவே கர்த்தருடைய சரீரம்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வேதத்தைத் திறந்தார்.

1531ல் லேயுவார்டன் பட்டணத்தில் சிக்கே என்கிற தையற்காரரின் தலையை வெட்டினார்கள். அவர் செய்த குற்றம், இரண்டாம் தரம் ஞானஸ்நானம் எடுத்தது. உங்கள் அம்மா கேட்கிற கேள்விதான் அன்றைக்கு மென்னோவுக்கும் வந்தது: இரண்டாவது ஞானஸ்நானமா, இதென்ன புதிதாக இருக்கிறதே? லூத்தர், பூசர், புல்லிங்கர் என்று அந்தக் காலத்துச் சீர்திருத்தப் பெரியவர்கள் எழுதினதையெல்லாம் தேடிப் படித்தார். குழந்தைக்கு ஏன் கொடுக்கிறோம் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தார்கள். விசுவாசித்த பிறகு எடுப்பதே சரி என்று அவர் மனதில் பட்டது.

பட்டும் அவர் வெளியே வரவில்லை. அதே வருஷம் சொந்த ஊருக்கே பங்குக்குருவாகப் போனார். வசதியை விட மனசில்லை. இதை மறைக்காமல் எழுதிவைத்ததால்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு.

சித்தூர் வாசகர்:
டீச்சர், மன்னிக்கவும். மறு ஞானஸ்நானக்காரர்கள்தானே 1534ல் ஜெர்மனியின் ம்யூன்ஸ்டர் நகரத்தைப் பிடித்து வாளெடுத்து ஆண்டார்கள்? அதையும் சொல்ல வேண்டாமா?

சத்தியவேடு டீச்சர்:
கண்டிப்பாகச் சொல்ல வேண்டும் தம்பி. அதற்கு எதிராகப் பிரசங்கித்தவர் மென்னோ. ம்யூன்ஸ்டர் பைத்தியம் அவர் ஊர்ப்பக்கமும் பரவி, 1535ல் ஏறக்குறைய முந்நூறு பேர் ஓல்டெக்ளூஸ்டர் மடத்துக்குள் புகுந்துகொண்டார்கள். படை வந்து நொறுக்கியது. செத்தவர்களில் மென்னோவின் சொந்தச் சகோதரரும் ஒருவர் என்று சொல்கிறார்கள். தப்பான வழியில் போன இந்த ஜனங்களே உயிரைக் கொடுத்துவிட்டார்கள், சரியான வழி தெரிந்த நான் சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேனே என்று அவருக்கு நெஞ்சு வெந்தது. 1536 ஜனவரியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

மூப்பர் பதவியை அவர் தேடிப் போகவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, வாளெடுக்காத மறு ஞானஸ்நானக்காரர்களில் ஆறேழு பேர் வந்து, மேய்ப்பன் இல்லாமல் தவிக்கிறோம், நீங்கள் வரவேண்டும் என்று கெஞ்சினார்கள். எனக்குத் தகுதி இல்லை, ஜெபித்துச் சொல்கிறேன் என்றார். பிறகு அவர்களின் தலைவர் ஓபே பிலிப்ஸ் கைவைத்து அவரை மூப்பராக்கினார். வாள் கூடாது, பழிவாங்கல் கூடாது என்பதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டார்.

1539ல் அவருக்குத் தங்க இடம் கொடுத்த ட்ஜார்ட் என்கிற விவசாயியைக் கொன்றார்கள். 1542ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மென்னோவின் தலைக்கு 100 கில்டர் விலை வைத்தார். மற்ற போதகர்கள் மெத்தையில் படுக்கிறார்கள், நாங்கள் மூலையில் ஒளிந்திருக்கிறோம், நாய் குரைத்தால் பிடிக்க ஆள் வந்துவிட்டதோ என்று பயப்படுகிறோம் என்று எழுதினார். அந்த நாய் குரைக்கிற வரியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

புத்தூர் தம்பி:
அண்ணா, ஒரு சின்ன விஷயம், ஆனால் உங்கள் வீட்டுக்கு முக்கியம். விசுவாசித்தபின் எடுப்பது மென்னோ வழி. தண்ணீரில் முழுக்குவது பின்னால் வந்தது. அவர் வழிவந்த பல சபைகளில் இன்றும் தலையில் ஊற்றுவதுதான் வழக்கம். 1860ல் தெற்கு ரஷ்யாவில் மொலோச்னா குடியிருப்பில் தனியாகப் பிரிந்த பிரதரன் கூட்டம்தான் முழுக்கை வலியுறுத்தியது. அந்தக் கூட்டத்திலிருந்து ஆபிரகாம் ஃப்ரீசன் என்பவர் ஹாம்பர்க்கில் பாப்டிஸ்டுகளிடம் படித்துவிட்டு, 1889ல் மனைவி மரியாவோடு புறப்பட்டு நல்கொண்டாவுக்கு வந்தார். உங்கள் சம்பந்தி வீட்டுக்கு இந்த வழக்கம் வந்த பாதை அது. சம்பந்தியிடம் நேராகவே கேளுங்கள்: எங்கள் பெண்ணின் பழைய ஞானஸ்நானத்தைச் சபை நடுவில் செல்லாது என்று சொல்வீர்களா, சொல்லாமல் முழுக்குக் கொடுப்பீர்களா? அம்மாவின் வலி அங்கேதான் இருக்கிறது.

நகரி தறிக்காரர்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி தறியை நிறுத்திவிட்டு அம்மாவுக்கு முழுசும் படித்தேன். தையற்காரர் இடத்தில் "ஐயோ" என்றார். முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஓடிக்கிட்டே இருந்தாரே, பொண்டாட்டி புள்ளைங்க இருந்தாங்களா?"

சத்தியவேடு டீச்சர்:
இருந்தார்கள் ஐயா. மனைவி பெயர் கெர்ட்ரூட். என் மனைவியும் சின்னப் பிள்ளைகளும் ஒரு வருஷமோ அரை வருஷமோ பத்திரமாகத் தங்க இந்த நாடுகளில் ஒரு குடிசை கிடைக்கவில்லை என்று 1544ல் எழுதினார். கடைசியில் வட ஜெர்மனியின் ஹோல்ஸ்டைனில் ஒரு பிரபு தன் நிலத்தில் வூஸ்டன்ஃபெல்டே என்கிற இடத்தில் குடியிருக்க விட்டார். மனைவி அவருக்கு முன்னாலேயே இறந்துவிட்டார். மென்னோ ஊன்றுகோலோடு நடந்து, 1561 ஜனவரி 31ல் அங்கேயே இறந்தார். வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

நகரி தறிக்காரர்:
சம்பந்திக்குப் போன் பண்ணி, தம்பி சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். பழைய ஞானஸ்நானத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தாழ்த்திப் பேசமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு என்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போகிறோம், அம்மாவும் வருகிறார். காலையில் பெட்டியைத் திறந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து வெயிலில் காயப்போட்டிருக்கிறார்.