உதவி: ஒவ்வொரு ஆகஸ்டிலும் ரெசிடுவல் ஏறுகிறது, ஈர்ப்பு அலையா?

அவசரக்காரி
ப்ராஜெக்டுக்குப் பல்சார் டைமிங் செய்கிறேன், அதாவது வேகமாகச் சுழலும் நட்சத்திரத்தின் ரேடியோ துடிப்பு வந்துசேரும் நேரத்தை அளக்கிறேன். மாடலை ஃபிட் செய்து முடித்த பிறகு ரெசிடுவலில் (கணித்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்) வருடா வருடம் ஆகஸ்ட் கடைசியில் 15, 20 மைக்ரோநொடி வரை ஒரு கூம்பு எழும்பி இறங்குகிறது. மற்ற மாதங்களில் சும்மா கிடக்கிறது. மூன்று வருடமும் இதே கதை. இதை ஈர்ப்பு அலை என்று எழுதலாமா, இரைச்சல் என்று எழுதலாமா? நாளை மதியம் கைடிடம் காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

கடிகாரக்காரன்
எந்தப் பல்சார்? எந்தத் தொலைநோக்கி? எந்த அலைவரிசை? எதையுமே சொல்லவில்லையே. என் சந்தேகம் கடிகாரத் திருத்தக் கோப்பு மேல்தான். ஜிபிஎஸ் திருத்தம் பழையதாக இருந்தால் இப்படி ஆகும். நானே ஒருமுறை இரண்டு வாரம் தொலைத்திருக்கிறேன்.

மூத்தகுடி
ஒரே ஒரு பல்சாரை வைத்துக்கொண்டு ஈர்ப்பு அலையா என்று கேட்பது வருடத்துக்கு நாலு முறையாவது இங்கே நடக்கிறது. ஹெலிங்ஸ், டவுன்ஸ் இருவரும் 1983இல் எழுதியதைப் படித்துவிட்டு வரலாம். ஜோடி ஜோடியாகப் பல்சார்களை எடுத்து, வானில் அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தைப் பொறுத்து ரெசிடுவல்களின் ஒட்டுறவு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். நானோகிராவ் என்ற பல்சார் ஆய்வுக் குழு 2023 ஜூனில் ஈர்ப்பு அலைக்குச் சான்று இருக்கிறது என்று சொன்னபோது கையில் இருந்தது 67 பல்சார், 15 வருடத் தரவு. அதில் தேடுவது நூறு நானோநொடி அளவிலான விலகல். உங்களுடையது 20 மைக்ரோநொடி. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அவசரக்காரி
மன்னிக்கவும், தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். பல்சார் ஜே1022+1001. புனே பக்கத்து ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் தரவு.

துருவம்
ஜே1022 என்றால் கேட்கவே வேண்டாம். அதன் துடிப்பு வடிவம் நிலையாக இல்லை என்று எத்தனை வருடமாகப் பேசுகிறார்கள். போலரைசேஷன் கேலிப்ரேஷன் (அலை அதிரும் திசைக்கான கருவித் திருத்தம்) சரியாகச் செய்தீர்களா?

கடிகாரக்காரன்
அலைவரிசை??

அவசரக்காரி
பேண்ட் 3 மட்டும், 300 முதல் 500 மெகாஹெர்ட்ஸ். சிக்னல் அதில்தான் நன்றாக வந்தது. ஜே1909-3744 என்ற இன்னொரு பல்சாரையும் பார்த்தேன், அதில் ஆகஸ்டில் ஒன்றுமில்லை. ஜனவரி முதல் வாரத்தில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, அது வேறு சிக்கல் என்று விட்டுவிட்டேன்.

பஞ்சாங்கம்
ஆவணியில் சூரியன் மக நட்சத்திரத்தில் இருக்கும். உங்கள் ஜே1022 மகத்துக்குச் சற்றுக் கிழக்கே, கிட்டத்தட்ட சூரியன் போகும் பாதையிலேயே கிடக்கிறது. 1909க்குப் பக்கத்தில் சூரியன் வருவது மார்கழியில். மாதம் இரண்டும் பொருந்துகிறதே?

மூத்தகுடி
இங்கே ஜோசியம் வேண்டாம்.

பஞ்சாங்கம்
பலன் எங்கே சொன்னேன்? சூரியன் எங்கே இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

பின்னலாடை
பஞ்சாங்கம் சொல்வது சரி. அது சூரியக் காற்று. சூரியனிலிருந்து வீசும் எலக்ட்ரான்கள் துடிப்பைத் தாமதப்படுத்தும், குறைந்த அலைவரிசையில் அதிகமாக. கடிகாரப் பிழை என்றால் எல்லாப் பல்சாரிலும் ஒரே நாளில் தெரிய வேண்டும். வானில் இடம் தப்பாகக் கொடுத்திருந்தால் வருடத்துக்கு ஒரு சைன் அலை வரும், இப்படிக் கூர்மையான கூம்பு வராது. பூமியிலிருந்து பார்க்கும் கோடு சூரியனுக்கு 10 டிகிரி பக்கத்தில் போகும்போது, எலக்ட்ரான் அடர்த்தி பூமியின் தூரத்தில் கன செ.மீ.க்கு 4 என்று வைத்தாலே 400 மெகாஹெர்ட்ஸில் 8, 9 மைக்ரோநொடி தாமதம். 8 என்று வைத்தால் இரட்டிப்பு. பிப்ரவரியில் சூரியன் எதிர்ப்பக்கம் போய்விடும், அப்போது அரை மைக்ரோநொடிகூட இருக்குமா என்பதே கேள்வி. 1400 மெகாஹெர்ட்ஸில் இதே கூம்பு பன்னிரண்டில் ஒரு பங்குதான் தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.
ஒரு கேள்வி: எந்த மென்பொருள்? பார் கோப்பு (பல்சாரின் அளவுகளை எழுதிவைக்கும் கோப்பு) யாருடையது?

அவசரக்காரி
பின்ட். பார் கோப்பு சீனியர் கொடுத்தது, அவர் டெம்போ2 என்ற வேறு மென்பொருளில் ஓட்டினார். அவருக்கு இவ்வளவு பெரிய கூம்பு வரவில்லை என்கிறார்.

பின்னலாடை
அதுதான். டெம்போ2 கேட்காமலேயே அந்த எலக்ட்ரான் அடர்த்தியை 4 என்று எடுத்துக்கொள்ளும். பின்ட்டில் பார் கோப்பில் அதற்கான வரி இல்லாவிட்டால் பூஜ்யம். என்இ_எஸ்டபிள்யூ என்று ஒரு வரி சேருங்கள். 4 போட்டாலும் முழுதாகப் போகாது, சூரியன் சுறுசுறுப்பான வருடங்களில் அளவு மாறும். உயர்ந்த அலைவரிசையான பேண்ட் 5ஐயும் சேர்த்து டிஎம் (வழியில் உள்ள மொத்த எலக்ட்ரான் அளவு) ஃபிட் செய்வதுதான் முறை. குறைந்த அலைவரிசை ஒன்றை மட்டும் வைத்தால் டிஎம் மாற்றமும் மற்ற இரைச்சலும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

துருவம்
இருந்தாலும் போலரைசேஷனைப் பாருங்கள்.

வாக்கியம்_தான்
பஞ்சாங்கம் ஐயா, மகத்தில் எந்தத் தேதி வரை? வாக்கியமா திருக்கணிதமா?

பஞ்சாங்கம்
திருக்கணிதம். ஆகஸ்ட் 30 வாக்கில் பூரத்துக்குப் போய்விடும். தொலைநோக்கியை வாக்கியம் பார்த்துத் திருப்ப முடியாது தம்பி.

வாக்கியம்_தான்
எங்கள் ஊர்க் கோயிலில் வாக்கியம்தான்.

மூத்தகுடி
மட்டுறுத்துநர் கவனத்துக்கு.

அவசரக்காரி
வரி சேர்த்தேன், கூம்பு பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. ஜனவரி மேடும் சேர்ந்து அமுங்கிவிட்டது!! பேண்ட் 5 இன்னும் சேர்க்கவில்லை. நன்றி, ஓடுகிறேன்.

கடிகாரக்காரன்
எவ்வளவு போட்டீர்கள், 4ஆ 8ஆ? சொல்லிவிட்டுப் போங்கள்.

கடிகாரக்காரன்
ஹலோ?