இஐடிசி ரொம்பக் கம்மியா வருது, போன வருஷ வருமானத்தை எங்க போடணும்? (அவசரம்)

இர்விங்_அடுப்படி | 20 பிப்ரவரி 2021, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். டேக்ஸ் ஃபைல் பண்ணிட்டு இருக்கேன். சாஃப்ட்வேர்ல இஐடிசி (கம்மி சம்பளத்துல வேலை பார்க்கறவங்களுக்கு அமெரிக்க அரசு தர்ற வரிச் சலுகை) ரெண்டாயிரம் சொச்சம்தான் காட்டுது. என்கூட வேலை பார்த்தவருக்கு ஐயாயிரத்துக்கு மேல வருதாம். கேட்டா "போன வருஷ சம்பளத்தைப் போடு, கூட வரும்"ங்கறார். நான் போட்டதே போன வருஷ சம்பளம்தானே? அதுக்கு மேல என்னத்தைப் போட? எந்தப் பக்கத்துல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, போதும். கரண்ட் மறுபடி போறதுக்குள்ள அனுப்பிடணும்.

கொங்குத்தம்பி | இரவு 8.52

அண்ணா, எத்தனை குழந்தைங்க? வீட்டுக்காரம்மாகூட சேர்ந்து ஃபைல் பண்றீங்களா, தனியாங்களா? சம்பளம் எவ்வளவுங்க? எந்த சாஃப்ட்வேருங்க? ஒண்ணுமே சொல்லாம எந்தப் பக்கம்னு கேட்டா நாங்க எதைப் பார்த்துச் சொல்றதுங்க?

ஹூஸ்டன்காரன் | இரவு 9.05

அது புயல் அடிச்ச ஊருக்கு மட்டும்தான் ப்ரோ. 2017-ல ஹார்வி வந்தப்ப எங்க கவுண்டியைப் பேரிடர் பகுதின்னு அறிவிச்சாங்க. வேலை போச்சு. அப்ப 2016 வருமானத்தை வச்சு இஐடிசி வாங்கினவன் நான். இப்ப அடிச்ச பனிக்கும் அறிவிச்சாதான் கிடைக்கும். கொஞ்சம் பொறுங்க.

வரிக்கணக்கு | இரவு 9.20

வருஷா வருஷம் பிப்ரவரி வந்தா இதே கூத்து. 1040 படிவத்தோட இன்ஸ்ட்ரக்‌ஷன் புத்தகத்துல இஐடிசி பகுதியிலேயே எழுதியிருக்கு. அதைத் திறந்து பார்க்காம "எந்தப் பக்கம்"னு கேட்டா பக்க எண்ணைச் சொல்லவா, இல்ல வந்து படிச்சும் காட்டவா?

ஹூஸ்டன்காரருக்கு: பழைய கதை. இந்தத் தடவை பேரிடர் பகுதி நிபந்தனையே கிடையாது. நாடு முழுக்க.

மைதிலி_என்ஜே | இரவு 9.31

இர்விங், உங்க நண்பர் சொன்ன போன வருஷம் 2019. நீங்க போட்டிருக்கறது 2020. 2020 டிசம்பர் 27 அன்னிக்குக் கையெழுத்தான சட்டத்துல ஒரு சலுகை இருக்கு. 2020-ல உழைச்சுச் சம்பாதிச்சது 2019-ஐ விடக் குறைவா இருந்தா, 2019 தொகையை வச்சு இஐடிசியும் ஏசிடிசியும் (குழந்தை வரிச் சலுகையில பணமாத் திரும்ப வர்ற பங்கு) கணக்குப் போட்டுக்கலாம். கட்டாயமில்லை. லாபமா இருந்தா மட்டும் எடுங்க.

சிலருக்கு அது நஷ்டம். 2019-ல 60 ஆயிரம் சம்பாதிச்ச குடும்பம் அந்த எண்ணைப் போட்டா இஐடிசி பூஜ்யம் ஆயிடும். கூட்டா ஃபைல் பண்ற, ரெண்டு குழந்தை இருக்கற வீட்டுக்கு 2020 உச்சவரம்பே 53,330 டாலர்தான்.

அதனால எண்களைச் சொல்லுங்க. முக்கியமா, அன்எம்ப்ளாய்மென்ட் (வேலை போனவங்களுக்கான உதவித்தொகை) வாங்கினீங்களா?

சேலத்து_மாம்பழம் | இரவு 9.38

என் மச்சான் 2019 ரிட்டர்னையே 1040-எக்ஸ் போட்டுத் திருத்தினார். அதுதான் வழின்னு நினைக்கிறேன்.

வரிக்கணக்கு | இரவு 9.41

நினைக்காதீங்க. 2019-ஐத் தொடவே வேணாம். 2020 படிவத்துல 27-வது வரிக்குப் பக்கத்துப் புள்ளிக்கோட்டுல பி-ஒய்-இ-ஐ-ன்னு நாலு ஆங்கில எழுத்தும் 2019 தொகையும் வரணும். ஏசிடிசிக்கு 28-வது வரி பக்கத்துல அதே மாதிரி. சாஃப்ட்வேர் தானே எழுதிக்கும், நீங்க கட்டத்தை நிரப்பினா.

இர்விங்_அடுப்படி | இரவு 10.15

மன்னிக்கணும், கரண்ட் போயிடுச்சு. 2 பசங்க. கூட்டாதான். மண்டபத்துல வீக்எண்ட் சமையல், 2020 மார்ச்ல மூடிட்டாங்க. அன்எம்ப்ளாய்மென்ட் வந்துச்சு. 2019-க்குன்னு ஒரு கட்டம் இருக்கு, இப்பதான் பார்த்தேன். காலியா இருந்துச்சு. 11,300 போட்டேன். 4,530 ஆச்சு. ஆனா நண்பருக்கு 5,920ன்றார். அவருக்கும் ரெண்டு பசங்கதான். இது ஏன்?

கொங்குத்தம்பி | இரவு 10.22

காலியா இருந்ததுக்குக் காரணம், 2019-ல வேற இடத்துல ஃபைல் பண்ணியிருப்பீங்கண்ணா. அதே சாஃப்ட்வேர்னா தானா வந்திருக்கும்.

மைதிலி_என்ஜே | இரவு 10.30

11,300 உங்க ஒருத்தரோட டபிள்யூ-2 (கம்பெனி தர்ற வருஷச் சம்பளச் சீட்டு) தொகையா? 2019-ல உங்க மனைவி வேலைக்குப் போனாங்களா?

சியாட்டில்_சாம்பார் | இரவு 10.34

நடுவுல ஒரு சந்தேகம். நான் ஹெச்1பி (வேலை விசா), மனைவி ஹெச்4 (துணைவர் விசா), அவங்களுக்கு வரிக்கு மட்டும் தர்ற ஐடின் எண்தான். பையன் இங்க பொறந்தவன். எனக்கும் 2020-ல பாதி வருஷம் வேலை இல்லை. இந்த 2019 வழி எனக்கும் உண்டா? மனைவியை விட்டுட்டுத் தனியா ஃபைல் பண்ணா?

வரிக்கணக்கு | இரவு 10.40

இஐடிசி கிடையாது. கூட்டா ஃபைல் பண்ணா கணவன், மனைவி, கணக்குல காட்டற குழந்தை எல்லாருக்கும் வேலைக்குச் செல்லுபடியாகற எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) வேணும். கல்யாணம் ஆனவர் தனியாப் பண்ணா 2020-க்கு இஐடிசியே இல்லை. அந்தக் கதவும் சாத்தியாச்சு. ஏசிடிசி வேற விஷயம். அதுக்குப் பையனுக்கு எஸ்எஸ்என் இருந்தாப் போதும், அம்மாவுக்கு ஐடின் இருக்கலாம். அதுக்கு 2019 வருமானத்தைக் காட்டலாம். தனி இழை திறந்து கேட்டிருக்கலாம்.

தாம்பரம்_டூ_டாம்பா | இரவு 10.58

எல்லாரும் ஒண்ணை மறந்துட்டீங்க. கிரீன் கார்டுல இருக்கறவங்க இந்த மாதிரி அரசாங்கக் காசை வாங்கினா பப்ளிக் சார்ஜ், அதாவது அரசாங்கத்துக்குப் பாரம்னு எழுதிடுவான். நாளைக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூல கேள்வி வரும். நான் தகுதி இருந்தும் வாங்கலை. நமக்கு எதுக்கு ஓசிக் காசு?

ஹூஸ்டன்காரன் | இரவு 11.04

ஓசியா? வேலை செஞ்சவனுக்குத்தான் இஐடிசியே. ஒரு டாலர்கூட உழைச்சுச் சம்பாதிக்காதவனுக்கு அது கிடையாது. அவர் பாத்திரம் கழுவி, அண்டா தூக்கிச் சம்பாதிச்ச காசுக்குக் கிடைக்கறது.

தாம்பரம்_டூ_டாம்பா | இரவு 11.09

அண்டா தூக்கறதை நான் தப்பாச் சொல்லலையே. வரி கட்டாதவனுக்கு வரிப்பணம் எப்படித் திரும்ப வரும்னுதான் கேக்கறேன்.

ஹூஸ்டன்காரன் | இரவு 11.12

சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் அவர் சம்பளத்துல முதல் டாலர்லேர்ந்தே 7.65 சதவீதம் பிடிக்கறான். அது யார் கட்டினது, உங்க மாமாவா?

வரிக்கணக்கு | இரவு 11.20

ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. இஐடிசி 1975-லேர்ந்து இருக்கு. வரிச் சலுகைகளை பப்ளிக் சார்ஜ் கணக்குல எடுக்கறதில்லை. 2020-ல அமலுக்கு வந்த கடுமையான விதியிலயும் அதைச் சேர்க்கலை. சிட்டிசன்ஷிப் இன்டர்வியூல வரி ஒழுங்காக் கட்டினியான்னு கேப்பான், சலுகை வாங்கினியான்னு இல்லை. பயப்படணும்னா பொய்க் கணக்குக்குப் பயப்படுங்க. விதியை மதிக்காம அலட்சியமா வாங்கினா 2 வருஷம் தடை, மோசடின்னா 10 வருஷம்.

தாம்பரம்_டூ_டாம்பா | இரவு 11.26

என் வக்கீல் வேற மாதிரி சொன்னார்.

ஹூஸ்டன்காரன் | இரவு 11.27

வக்கீலை மாத்துங்க.

இர்விங்_அடுப்படி | 21 பிப்ரவரி, காலை 7.10

மைதிலி மேடம், ஆமா, மனைவி டேகேர்ல வேலை பார்த்தாங்க. 2019-ல அவங்களுக்கு 12,700. அதையும் போடணுமா? கேட்டது என்னோட வருமானம்னு நினைச்சு விட்டுட்டேன். 2020-ல அவங்களுக்கு 2,800, எனக்கு 2,400. ரெண்டு பேருக்கும் சேர்த்து அன்எம்ப்ளாய்மென்ட் 16,000.

மைதிலி_என்ஜே | காலை 7.45

இதைத்தாங்க நேத்தே கேட்டேன்! கூட்டா ஃபைல் பண்ணா 2019 வருமானமும் ரெண்டு பேரோடதும் சேர்ந்துதான். 11,300 + 12,700 = 24,000.

இப்ப கணக்கைப் பாருங்க. அன்எம்ப்ளாய்மென்ட் வருமானம்தான், வரிக்கும் உட்பட்டது. ஆனா உழைச்சுச் சம்பாதிச்சதா எடுத்துக்க மாட்டாங்க. அதனால 2020-க்கு உங்க உழைப்பு வருமானம் வெறும் 5,200. ரெண்டு குழந்தைக்கு அதுல 40 சதவீதம், அட்டவணைப்படி 2,090. நீங்க முதல்ல பார்த்த ரெண்டாயிரம் சொச்சம் அதான்.

ரெண்டு குழந்தைக்கு முழு 5,920 கிடைக்க உழைப்பு வருமானம் 14,800 இருந்தாப் போதும். கூட்டா ஃபைல் பண்றவங்களுக்கு 25,220-க்கு மேலதான் குறைய ஆரம்பிக்கும். 24,000 நடுவுல உக்காருது. முழுசாக் கிடைக்கும்.

ஆனா மொத்த வருமானம், அதாவது ஏஜிஐ, 2020-ஓடதாவேதான் இருக்கும். அது 2019-க்கு மாறாது. உங்களுக்கு 5,200 + 16,000 = 21,200. அதுவும் 25,220-க்குக் கீழ. தப்பிச்சீங்க. அன்எம்ப்ளாய்மென்ட் இன்னும் பத்தாயிரம் வந்திருந்தா 2019-ஐப் போட்டும் கொஞ்சம் வெட்டியிருப்பாங்க.

ஏசிடிசி: 2,500-க்கு மேல உள்ள உழைப்பு வருமானத்துல 15 சதவீதம். 2020-ஐ வச்சா 405 டாலர். 2019-ஐ வச்சா 3,225 வருது, ஆனா குழந்தைக்கு 1,400 உச்சம், அதனால 2,800.

மொத்தம் 2,495 வர்ற இடத்துல 8,720. நாலு பேருக்கும் எஸ்எஸ்என் இருக்கில்ல?

கொங்குத்தம்பி | காலை 7.58

மேடம் கலக்கிட்டீங்க. அண்ணா, வட்டி, டிவிடெண்ட் மாதிரி வருமானம் 3,650-க்கு மேல இருந்தா இஐடிசி இல்லீங்க, அதையும் பார்த்துக்குங்க. அப்புறம் 2019 டபிள்யூ-2 ரெண்டையும் பத்திரமா வைங்க. தொலைஞ்சிருந்தா வரித்துறை இணையதளத்துல டிரான்ஸ்கிரிப்ட் எடுக்கலாம்.

வரிக்கணக்கு | காலை 8.20

1099-ஜி-யில (அன்எம்ப்ளாய்மென்ட் சீட்டு) வந்த தொகையை ஷெட்யூல் 1, 7-வது வரியில போட்டிருக்காரான்னு யாரும் கேக்கலை. சம்பளத்துக்கான கட்டத்துல போட்டிருந்தா மேல சொன்ன கணக்கு மொத்தமும் தப்பு.

மைதிலி_என்ஜே | காலை 8.24

சம்பளக் கட்டத்துல போட்டிருந்தா முதல்லயே 5,920 காட்டியிருக்கும் சார். 2,090 காட்டினதுனால சரியாத்தான் போட்டிருக்கார்.

வரிக்கணக்கு | காலை 8.31

ம்.

ஹூஸ்டன்காரன் | 23 பிப்ரவரி, மாலை 6.05

டெக்சாஸ் முழுக்கப் பேரிடர்னு சொல்லி வரித்துறை ஜூன் 15 வரைக்கும் டைம் கொடுத்திருக்கு. இர்விங் ப்ரோ, இதுக்காகவா மெழுகுவத்தி வெளிச்சத்துல உக்காந்து ஃபைல் பண்ணீங்க?

சேலத்து_மாம்பழம் | 14 மார்ச், காலை 11.20

புதுச் சட்டம் 11-ஆம் தேதி கையெழுத்தாச்சே. அன்எம்ப்ளாய்மென்ட்ல ஆளுக்கு 10,200 வரைக்கும் வரி இல்லையாம், ஏஜிஐ ஒன்றரை லட்சத்துக்குக் கீழ இருந்தா. இர்விங் அண்ணே அமெண்ட் பண்ணணுமா?

வரிக்கணக்கு | 14 மார்ச், பகல் 12.02

அவருக்கு ஏஜிஐ 21,200, கூட்டா ஃபைல் பண்றவங்களுக்கு வரியில்லாத கழிவு 24,800. வரி ஏற்கெனவே பூஜ்யம். பூஜ்யத்துலேர்ந்து எதைக் குறைக்க?

இர்விங்_அடுப்படி | 9 ஏப்ரல், இரவு 10.48

வந்துருச்சு. மைதிலி மேடத்துக்கு ரொம்ப நன்றி.

சியாட்டில்_சாம்பார் | 10 ஏப்ரல், காலை 6.15

ப்ரோ, அனுப்பி எத்தனை நாள்ல வந்துச்சு? நேரா பேங்க்குக்கா, செக்கா? கூட ஏதாவது பேப்பர் கேட்டாங்களா?

சியாட்டில்_சாம்பார் | 2 மே

ப்ரோ?

பிளானோ_பிரியாணி | 6 பிப்ரவரி 2022

தேடி வந்தேன். 2021 ரிட்டர்னுக்கும் இதே வழி உண்டா? 2020-ஐப் போடணுமா, 2019-ஐயா?

மைதிலி_என்ஜே | 6 பிப்ரவரி 2022

உண்டு, ஆனா இஐடிசிக்கு மட்டும். இப்பவும் 2019-தான், 2020 இல்லை. 2021 உழைப்பு வருமானம் 2019-ஐ விடக் குறைவா இருக்கணும். இந்தத் தடவை புள்ளிக்கோட்டுல எழுத வேணாம், 27சி-ன்னு தனிக் கட்டமே வச்சிருக்காங்க. குழந்தை வரிச் சலுகைக்கு இந்த வழி தேவையில்லை. 2021-ல வருஷத்துல பாதிக்கு மேல அமெரிக்காவுல குடியிருந்தா, உழைப்பு வருமானமே இல்லாட்டியும் அது முழுசாத் திரும்ப வரும்.

பிளானோ_பிரியாணி | 6 பிப்ரவரி 2022

தேங்க்ஸ் அக்கா.

நெல்லை_அல்வா | 11 மார்ச் 2023

2022 ரிட்டர்ன் போடுதேன். 2019 கட்டத்தையே காணோம். சாஃப்ட்வேர்ல எங்க மறைச்சு வச்சிருக்கான்?

வரிக்கணக்கு | 11 மார்ச் 2023

மறைக்கலை, எடுத்துட்டாங்க. 2021-ஓட முடிஞ்சது. 2020-க்கு எடுக்காம விட்டிருந்தா மட்டும் 1040-எக்ஸ் போடலாம். அதுக்கும் பொதுவா 2024 வரைக்கும்தான் டைம்.