சான் டியாகோ அரங்கில் ‘டாப் கன்: மேவரிக்’

2022 மே 27 அன்று இந்தப் படம் அமெரிக்காவில் வெளியானபோது நான் சான் டியாகோவில் வேலையில் இருந்தேன். 1986இல் வந்த முதல் படத்தின் கதை நடக்கும் மிராமர் விமானத் தளம் அந்நகரில்தான் இருக்கிறது. படத்தில் வரும் கடற்படைப் போர் விமானிகளின் பயிற்சிப் பள்ளி 1996இலேயே நெவாடாவின் ஃபாலனுக்கு இடம்பெயர்ந்துவிட்ட போதிலும், ஊர்க்காரர்களுக்கு அது இன்னமும் தங்கள் ஊர்ப் படம்தான். என்னை அழைத்துச் சென்ற பக்கத்து வீட்டுப் பெரியவர், விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் எரிபொருள் நிரப்பும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

மேல்தளத்தில் சட்டையின் நிறமே ஆளின் வேலையைச் சொல்லிவிடும். விமானத்தை வழிநடத்துபவருக்கு மஞ்சள், ஆயுதம் பொருத்துபவருக்குச் சிவப்பு, எரிபொருள் பிரிவுக்கு ஊதா. தொடக்கக் காட்சியில் விமானங்கள் சீறிக் கிளம்பியபோது அரங்கமே ஆர்ப்பரித்தது; அவரோ திரையின் ஓரங்களில் ஊதாச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

என்னை உலுக்கியவை விமானி அறைக் காட்சிகள். கடற்படை விமானி முன்னால் அமர்ந்து ஓட்ட, நடிகர்கள் எஃப்-18 போர் விமானத்தின் பின் இருக்கையில் உண்மையிலேயே பறந்தார்கள்; உள்ளே ஆறு கேமராக்கள் பொருத்தப்பட்டிருந்தன, இயக்குநர் உடன் இல்லாததால் அவற்றை முடுக்குவதும் நடிகர்களின் பொறுப்பாயிற்று. திருப்பத்தில் கன்னச் சதை கீழே இழுபடுவதும், வசனம் பாதியில் மூச்சிரைப்பாக மாறுவதும் எந்த ஒப்பனையாலும் வராதவை. டாம் குரூஸ்கூட எஃப்-18ஐ ஓட்டவில்லை, கடற்படை அதற்கு இசையவில்லை. இறுதியில் வரும் பி-51 மஸ்டாங் மட்டும் அவருடைய சொந்த விமானம்.

தொண்டைப் புற்றுநோயால் குரலை இழந்திருந்த, முதல் படத்திலும் நடித்த வால் கில்மர் கணினியில் தட்டச்சு செய்து பேசும் காட்சியில், என் முன்வரிசையில் இருந்தவர்கள் வெளிப்படையாகவே கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. அழிக்கப்பட வேண்டிய யுரேனியச் செறிவூட்டல் ஆலை எந்த நாட்டுடையது என்று படம் கடைசிவரை வாய் திறப்பதில்லை. ஆனால் பகைவரின் கொட்டகையில் எஃப்-14 நிற்கிறது. அமெரிக்கா 2006இல் ஓய்வு கொடுத்துவிட்ட அந்த விமானத்தை அதன் பிறகும் வைத்திருந்த ஒரே நாடு ஈரான் என்பது விமானங்களைப் பற்றிச் சிறிதளவு படித்தவருக்கும் தெரியும். இந்த மழுப்பல் எனக்கு உறுத்தியது. பெரியவருக்கு உறுத்தியது வேறு. “அந்தப் பழைய வண்டிக்கு இவ்வளவு எரிபொருளை யார் நிரப்பி வைத்தது?” என்று அவர் உரக்கக் கேட்க, சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

பெருந்தொற்றால் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போன படம் உலகெங்கும் 140 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. காலியாகக் கிடந்த அரங்குகளுக்கு நடுத்தர வயதினரைத் திரும்ப வரவழைத்தது இந்தப் படம்தான் என்றே அப்போது பலரும் பேசிக்கொண்டார்கள். 2023 ஆஸ்கர் விழாவில் சிறந்த படம் உட்பட ஆறு பரிந்துரைகள் பெற்று, ஒலிக்கான விருதை வென்றது. அது தகும். ஆயினும், அவ்வளவு குறுகிய இடத்துக்குள் அந்த முகங்களையும் வெளியே சாயும் மலைகளையும் ஒருசேரப் பிடித்த ஒளிப்பதிவாளர் க்ளாடியோ மிராண்டாவின் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இடம்பெறாதது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை.