மாமா, முன்பக்கப் பலகை உட்காரவில்லை

குழு: ஊரிக்காட்டு வீடு

சனிக்கிழமை

நான்: எல்லோருக்கும் காலை வணக்கம். புளூநோஸ் என்ற பழைய மீன்பிடிக் கப்பலின் மாதிரிக்கு முதல் பலகையை வைத்துப் பார்த்தேன்.

நான்: [படம்]

நான்: பெரியமாமா, படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். நடுப்பகுதியில் நன்றாகப் படிகிறது. முன்பக்கக் கடைசி மூன்று சட்டங்களிலும் பலகைக்குப் பின்னால் வெளிச்சம் தெரிகிறது. இன்னும் ஒட்டவில்லை. ஊசி குத்தித்தான் நிற்கிறது.

அம்மா: இது 10 சதத்தில் இருக்கிற கப்பல்தானே?

நான்: ஓம் அம்மா. 1937 இலிருந்து கனடாவின் 10 சத நாணயத்தில் இருப்பது இதுதான்.

லண்டன் அக்கா: மேசை முழுக்க நிற்கிறதே! எவ்வளவு நீளம்?

நான்: உண்மையான கப்பல் 143 அடி. இது அதில் 64 இல் ஒரு பங்கு. அடிப்பகுதி மட்டும் 27 அங்குலத்துக்குக் கிட்ட வரும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தால் இன்னும் நீளும்.

பெரியமாமா: படம் கிடைத்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.

பெரியமாமா: தம்பி, பலகையில் ஒரு குறையும் இல்லை. நீ சட்டம் என்று சொல்கிற வங்குகளின் விளிம்பைப் பார். பெட்டியில் வந்தபடியே சதுரமாக இருக்கிறது. அணியத்தில், அதாவது முன்பக்கம், கப்பல் ஒடுங்கிக்கொண்டு போகும், பலகையும் சரிந்துதான் வரும். அப்படிச் சரிந்து வரும் பலகை சதுர விளிம்பின் முன் முனையில் மட்டும் முட்டி நிற்கும். பின்னால் இடைவெளி விழாமல் என்ன செய்யும்?

நான்: சட்டங்களில் லேசரால் ஒரு மெல்லிய கோடு போட்டிருக்கிறார்கள். அதுவரை சரித்துத் தேய்க்க வேண்டும் என்றுதான் அர்த்தமா?

பெரியமாமா: அதேதான். அணியப் பக்கம் வங்கின் முன் விளிம்பைச் சரி. கடையார்ப் பக்கம், அதாவது பின்பக்கம், பின் விளிம்பைச் சரி. நடுவில் இரண்டு மூன்று வங்குக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. கோடு ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். கோட்டை நம்பி முழுக்கத் தேய்த்துவிடாதே. ஒரு மெல்லிய மரக் கீற்றை நாலைந்து வங்குக்கு மேலே வளைத்துப் பிடித்துப் பார். எல்லா வங்கிலும் முழு விளிம்பும் தொட வேண்டும். ஒன்று மேடாக இருந்தால் அதை மட்டும் தேய். ஒன்று பள்ளமாக இருந்தால் அதன் மேல் மரச் சீவல் ஒட்டி உயர்த்து.

மருமகன்: மாமா, கிட் என்றால் எல்லாம் வெட்டித்தானே வரும்? ஒட்டினால் போதாதா?

பெரியமாமா: உன் மாமாவுக்கு அவர்கள் தந்தது வெட்டின மரம் பிள்ளை. அதைக் கப்பலாக்குவது அவன் கை. 140 அடியானாலும் ஒன்றரை முழமானாலும் மரம் மரம்தான். வளைக்கிற இடத்தில் வளைக்க வேண்டும், ஒடுக்குகிற இடத்தில் ஒடுக்க வேண்டும். நானும் ஐயாவோடு பட்டறையில் நின்ற காலத்தில் பலகை ஏற்றுவதைவிட வங்கு பிடிப்பதற்குத்தான் கூட நேரம் எடுத்தோம். வங்கு சரியாக இருந்தால் பலகை தானாக வந்து உட்காரும்.

அம்மா: அண்ணா, அவன் ஒரு கிழமையாக உப்புத்தாளும் கையுமாகத்தான் இருக்கிறான். வீடு முழுக்கத் தூள். பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறது என்று சொன்னால் கேட்கிறான் இல்லை.

நான்: அம்மா, நேற்றே எல்லாவற்றையும் கராஜுக்கு மாற்றிவிட்டேன். மாஸ்க் போட்டுத்தான் தேய்க்கிறேன், பக்கத்தில் வாக்குவமும் ஓடுகிறது. சுப்பர் குளூவும் அங்கேதான். அதன் ஆவி கண்ணை எரிக்கும். பலகைக்கு அது வேண்டாம், வெள்ளை மரப்பசைதான் பாவிக்கப் போகிறேன். மெதுவாகக் காயும், பிழைத்தால் எடுத்துத் திருப்பி வைக்கலாம்.

மச்சாள் (ஹலிஃபாக்ஸ்): மச்சான், இப்போதுதான் பார்த்தேன். அப்பா, நீங்கள் பலகையை வளைக்கிற விதத்தையும் சொல்லுங்கள். அதைத்தான் எல்லோரும் பிழைக்கவிடுகிறார்கள்.

பெரியமாமா: ஊரில் பலகையின் ஒரு முனையை இறுக்கிவிட்டு, கீழே நெருப்புக் காட்டி, மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டு மறுமுனையில் பாரம் ஏற்றுவோம். அந்தச் சின்னப் பலகைக்கு நெருப்பு எதற்கு? தண்ணீரும் சூடும் போதும்.

நான்: இது பாஸ்வுட். மென்மையான மரம், கொஞ்ச நேரம் நனைத்தாலே இளகிவிடும். மகள் முடி நேராக்கும் அயர்னைத் தந்திருக்கிறாள்.

அம்மா: அவள் உனக்குத் தந்தாளா, நீ எடுத்தாயா?

நான்: தந்தாள் அம்மா. பழையது.

பெரியமாமா: சூடு நல்லது. ஆனால் வளைத்த பலகையை ஈரத்தோடு ஒட்டாதே. ஈர மரம் ஊதியிருக்கும். காய்ந்ததும் சுருங்கி, இரண்டு பலகைக்கு நடுவில் கோடு கோடாக இடைவெளி விழும். வளைத்து, வங்கில் கட்டிக் காயவிட்டு, பிறகு கழற்றிப் பசை பூசு.

பெரியமாமா: இன்னொன்று. ஒரே அகலப் பலகையை முன்னிருந்து பின்வரை ஓட்டலாம் என்று நினைக்காதே. நடுவில் கப்பலின் வயிறு பெரிது, அணியத்தில் சிறிது. ஒரு காகித நாடாவை எடுத்து, ஒவ்வொரு வங்கிலும் மேல் விளிம்பிலிருந்து அடியில் நீளத்துக்கு ஓடும் ஏரா மரம் வரை சுற்றி அளந்துகொள். எத்தனை பலகை வரப்போகிறதோ அத்தனையால் பிரி. அந்த வங்கில் பலகையின் அகலம் அதுதான். எல்லா வங்கிலும் இப்படிக் குறித்துவிட்டால் பிறகு யோசிக்கவே வேண்டாம்.

நான்: கணக்குப் பார்த்தேன் மாமா. முன்னால் கிட்டத்தட்டப் பாதி அகலம் வருகிறது.

பெரியமாமா: பாதிக்குக் கீழே போகவிடாதே. ஊசி முனையாக முடிகிற பலகையில் ஆணியும் நிற்காது, பசையும் நிற்காது. அப்படி வந்தால் இரண்டு பலகையை ஒன்றாக்கி ஒரு அகலப் பலகையாக முடி. கடையார்ப் பக்கம் மாறி நடக்கும், அங்கே இடம் விரியும். அங்கே ஒரு துண்டு இடையில் செருக வேண்டி வரலாம். வெட்கப்படாதே, பெரிய கப்பலிலும் அப்படித்தான்.

லண்டன் அக்கா: மருமகனுக்கும் இப்போது ஆசை வந்துவிட்டது. கிரீனிச்சில் கட்டி சார்க் பார்த்ததிலிருந்து அந்தக் கிட் வேண்டும் என்று நிற்கிறான். தம்பி, நீ என்ன சொல்கிறாய்?

நான்: அக்கா, கட்டி சார்க் அழகுதான். 1869 இல் தேயிலை ஏற்றக் கட்டின கப்பல். ஆனால் மூன்று பாய்மரம், மூன்றிலும் குறுக்கு மரங்கள். உண்மையான கப்பலில் 11 மைல் கயிறு. கிட்டில் அதெல்லாம் நூலாக வரும், முடிச்சு முடிச்சாகக் கட்ட வேண்டும். முதல் கப்பலாக அதை எடுத்தவர்கள் பலர் பாதியில் பெட்டியை மூடி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுகிறார்கள்.

மருமகன்: அப்போது நான் எதிலிருந்து தொடங்குவது?

நான்: ஒரு டோரிப் படகு. நான் அதைத்தான் முதலில் கட்டினேன். தட்டையான அடி, பக்கத்துக்குச் சில பலகைகள், பாயும் இல்லை கயிறும் இல்லை. சின்னதுதான், ஆனால் பலகையை வளைக்கவும், விளிம்பைச் சரிக்கவும், ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டவும் அதிலேயே பழகிவிடலாம். அது முடிந்ததும் ஒற்றைப் பாய்மரம். பிறகு இந்த மாதிரி இரட்டைப் பாய்மரம். அதற்குப் பிறகு கட்டி சார்க்.

மருமகன்: டோரி என்றால் சும்மா தோணியா?

மச்சாள் (ஹலிஃபாக்ஸ்): சும்மா தோணி இல்லை தம்பி. புளூநோஸ் மீன் பிடித்ததே டோரியால்தான். கப்பல் கடலில் நிற்கும். டோரிகளை இறக்கிவிடுவார்கள். ஒன்றுக்கு இரண்டு பேர். நீளமான தூண்டில் கயிற்றைக் கடலில் விரித்து, கொட் மீனை இழுத்து ஏற்றிக்கொண்டு கப்பலுக்குத் திரும்புவார்கள். பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உப்புப் போட்டு அடுக்குவார்கள். பனிமூட்டம் இறங்கினால் கப்பலே கண்ணுக்குத் தெரியாது. அப்படித் திரும்பாமல் போனவர்கள் நிறையப் பேர். புளூநோஸ் கட்டப்பட்ட லூனன்பர்க்கில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

மச்சாள் (ஹலிஃபாக்ஸ்): [படம்]

மச்சாள் (ஹலிஃபாக்ஸ்): இது லூனன்பர்க் மீன்பிடி மியூசியத்தில் எடுத்தது. டோரிகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பாருங்கள். உள்ளே இருக்கும் இருக்கைப் பலகைகளைக் கழற்றிவிட்டால், கடையில் அடுக்கின பிளாஸ்டிக் கதிரை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடும்.

நான்: மச்சாள், இது எனக்கு வேண்டிய படம்! கிட்டிலும் 8 டோரி வருகிறது. மேலே இருக்கிறதற்கு மட்டும் உள்வேலை செய்தால் போதும்.

மச்சாள் (ஹலிஃபாக்ஸ்): எல்லாவற்றுக்கும் செய்யுங்கள் மச்சான். இரண்டை டெக்கில் தனியே எடுத்து வைத்தால்தான் பார்க்கிறவர்களுக்கு அது மீன்பிடிக் கப்பல் என்று விளங்கும். இல்லாவிட்டால் பணக்காரரின் உல்லாசப் படகு என்று நினைப்பார்கள்.

நான்: சரி, செய்கிறேன்.

பெரியமாமா: மகளே, மீன்பிடிக் கப்பலுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பாய்? கிட்டின் பெட்டியில் இருக்கும் படத்தைத் தம்பி முதல் நாளே அனுப்பினான். அன்றைக்கே கேட்க நினைத்தேன்.

மச்சாள் (ஹலிஃபாக்ஸ்): அது ஒரு ரோஷத்தில் கட்டின கப்பல் அப்பா. 1920 இல் மீன்பிடிக் கப்பல்களுக்கு ஒரு சர்வதேசப் போட்டி வைத்தார்கள். ஹலிஃபாக்ஸில்தான் நடந்தது. அமெரிக்காவின் குளொஸ்டரிலிருந்து வந்த எஸ்பெரான்டோ வென்று கிண்ணத்தைக் கொண்டுபோய்விட்டது. சொந்த ஊரில் தோற்றால் விடுவார்களா? வில்லியம் ரூவே என்பவர் வரைபடம் போட்டார், ஸ்மித் அண்ட் ரூலன்ட் பட்டறை கட்டியது. 1921 மார்ச் 26 இல் தண்ணீரில் இறக்கினார்கள். ஆனால் போட்டிக்கென்று மட்டும் கட்டின கப்பலைச் சேர்க்க மாட்டார்கள், ஒரு பருவம் உண்மையாக மீன் பிடித்திருக்க வேண்டும். அதனால் கப்டன் ஆங்கஸ் வோல்ட்டர்ஸ் முதலில் மீனுக்குப் போனார். அந்த ஒக்டோபரிலேயே கிண்ணம் திரும்பி வந்துவிட்டது.

பெரியமாமா: குளொஸ்டர் என்றா சொன்னாய்?

மச்சாள் (ஹலிஃபாக்ஸ்): ஓம் அப்பா. மாசச்சூசெட்ஸ்.

பெரியமாமா: எங்கட அன்னபூரணி போய்ச் சேர்ந்த குளொஸ்டரா?

அம்மா: அண்ணா!

மருமகன்: அன்னபூரணி யார்?

பெரியமாமா: யார் இல்லை பிள்ளை, கப்பல். வல்வெட்டித்துறையில் எங்கள் ஆட்கள் கட்டினது. 89 அடி, இரண்டு பாய்மரம். முன்மரத்தில் பருமல் என்கிற குறுக்கு மரத்தில் கட்டின சதுரப் பாய், பின்மரத்தில் நீளப் பாய். ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரை வைத்து, ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று மாற்றினார். ஊர் மாலுமிகள்தான் ஓட்டிக்கொண்டு போனார்கள். 1938 ஆகஸ்டில் குளொஸ்டரில் போய் நின்றது. ஐயா அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும்.

நான்: மாமா, கொஞ்சம் பொறுங்கள். புளூநோஸின் கடைசிப் போட்டி 1938 ஒக்டோபர். பொஸ்டனிலும் குளொஸ்டரிலும்தான் நடந்தது. குளொஸ்டரின் கெர்ட்ரூட் எல். தெபோ என்ற கப்பலோடு ஐந்து ஓட்டம், மூன்றை வென்று புளூநோஸ் கிண்ணத்தை வைத்துக்கொண்டது.

பெரியமாமா: அப்படியென்றால் எங்கட கப்பல் போய்ச் சேர்ந்து இரண்டு மாதத்தில் இது அதே துறைக்கு வந்திருக்கிறது!

நான்: ஓம் மாமா. இவ்வளவு நாளும் இந்தக் கப்பலைப் பற்றி வாசிக்கிறேன், இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

லண்டன் அக்கா: அம்மப்பா சொன்ன கதையை நான் பாதி கட்டுக்கதை என்றல்லவா நினைத்திருந்தேன்.

அம்மா: ஐயா ஒரு நாளும் கட்டிச் சொன்னதில்லை.

பெரியமாமா: தம்பி, அன்னபூரணிக்கு கிட் விற்கிறார்களா?

நான்: நான் கண்டதில்லை மாமா. ஆனால் அளவுகள் கிடைத்தால் வரைபடம் போட்டு வங்கு வெட்டலாம். இந்தக் கப்பலை முடிக்கிறபோது எனக்குக் கை வந்துவிடும்.

பெரியமாமா: நான் ஊரில் பழைய ஆட்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். நீ முதலில் வங்கைத் தேய்.

ஞாயிற்றுக்கிழமை

நான்: [படம்]

நான்: [படம்]

நான்: மாமா, அணியத்தில் இரு பக்கமும் சரித்துவிட்டேன். உப்புத்தாளை வளையக்கூடிய ஒரு நீள மரக் கீற்றில் ஒட்டி, மூன்று நான்கு வங்குகளின் மேல் ஒன்றாக ஓட்டித் தேய்த்தேன். தனித்தனியாகத் தேய்ப்பதைவிட இது ஒழுங்காக வருகிறது. லேசர் சுட்ட கறுப்பும் போய்விட்டது, இனிப் பசை பிடிக்கும்.

பெரியமாமா: இப்போது வெளிச்சம் இல்லை. நல்ல வேலை. இரண்டாவது படத்தில் கடையார்ப் பக்கம் இடது கைப் பக்கத்தில் கடைசி வங்கு இன்னும் ஒரு நூல் மேடு. அதையும் பார்.

நான்: பார்க்கிறேன்.

லண்டன் அக்கா: டோரி கிட் சொல்லி அனுப்பியாயிற்று. வெள்ளிக்கிழமை வருமாம்.

மருமகன்: மாமா, வந்ததும் வீடியோ கோலில் வருவீர்களா?

நான்: வெள்ளி இரவு உங்கள் நேரம் 8 மணிக்கு வருகிறேன். அதற்குள் பெட்டியில் இருக்கும் வரைபடத்தை முழுக்க வாசித்து வை. ஒரு துண்டையும் தாளிலிருந்து கழற்றாதே. எண் போடாமல் கழற்றினால் எது எது என்று பிறகு தெரியாது.

மருமகன்: சரி மாமா.

மச்சாள் (ஹலிஃபாக்ஸ்): மச்சான், டெக்கைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். பலகைகளுக்கு நடுவில் கறுப்புக் கோடு தெரிய என்ன செய்கிறீர்கள்?

நான்: பலகையின் ஒரு ஓரத்தில் மட்டும் பென்சில் தேய்த்துவிட்டு ஒட்டுவேன். மார்க்கர் மரத்துக்குள் ஊறிப் பரவிவிடும்.

பெரியமாமா: பலகை இடுக்கை அடைக்கிற கலப்பற்றுக் கோடு மெல்லிசாகத்தான் இருக்க வேண்டும். பென்சில் சரி.

பெரியமாமா: தம்பி, பலகை ஏற்றும்போது ஒரு பக்கத்தையே முடித்துக்கொண்டு போகாதே. வலப் பக்கம் ஒன்று வைத்தால் உடனே இடப் பக்கம் ஒன்று. இல்லாவிட்டால் ஏரா இழுபட்டு வளைந்துவிடும், பிறகு நிமிர்த்த முடியாது.

நான்: சரி மாமா. இன்றைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்துவிட்டுப் படம் போடுகிறேன்.

அம்மா: சாப்பிட்டுவிட்டுப் போ.